கரை மட்டம்

மதுரை சமவெளி ஊர். யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் என்று சுற்றிலும் பாறைகள் எழுந்து நின்றாலும் அவற்றுக்கு இடைப்பட்ட நிலம் வயலும் கண்மாயுமாகப் பரந்து கிடக்கிறது. சரிவு இருந்தாலும் அது தண்ணீருக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது. சக்கர நாற்காலி உருளுவதற்கு இவ்வளவு இணக்கமான நிலம் கொடைக்கானலுக்கோ உதகைக்கோ வாய்க்கவில்லை. அப்படியிருந்தும் மாலை நேரத்தில் மதுரைத் தெருக்களில் சக்கர நாற்காலியில் உலாவி வரும் ஒருவரைக் காண்பது அரிது. அவரை நிறுத்துவது மலையோ மேடோ இல்லை. வாசல்களிலும் நடைபாதை விளிம்புகளிலும் பூங்காக் கதவுகளிலும் மனிதர் கட்டி வைத்த அரையடி, முக்காலடி உயரங்களே.

பழைய நகரம் சக்கரத்தை அறியாததும் அல்ல. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக விரியும் ஊர் அது. சித்திரைத் திருவிழாவில் தேர்கள் வலம் வருவது மாசி வீதிகளில். அவற்றின் அகலமும் மூலைத் திருப்பங்களும் தேர் திரும்புவதற்கென்றே விடப்பட்டவை. தேரோட்டத்துக்கு முன் வீதியில் பள்ளம் நிரப்புவார்கள், குறுக்கே தொங்கும் கம்பிகளை விலக்குவார்கள், ஆக்கிரமிப்பை ஒதுக்குவார்கள். ஒரு காலைப் பொழுதுக்காக ஊரே கூடிச் சக்கரத்துக்கு வழிவிடுகிறது. தேர் நிலைக்கு வந்த மறுநாள் கடைப்பலகைகளும் இருசக்கர வண்டிகளும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

சக்கர நாற்காலிக்குத் தேரளவு ஏற்பாடு தேவையில்லை. அதன் அகலம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் நுழைந்துவிடும், ஒன்றரை மீட்டர் சதுரம் கிடைத்தால் திரும்பிவிடும், 1.8 மீட்டர் அகலப் பாதையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகும். சிக்கல் முன் சக்கரத்தில்தான். பின் சக்கரம் பெரியது, எதையும் சமாளிக்கும். முன்னால் இருக்கும் சிறு சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் எட்டு அங்குலத்துக்குள். ஓர் அங்குல விளிம்பில் அது முட்டி நின்றால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். சாக்கடை மூடியின் கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அதில் போய்ச் சிக்கும். நடப்பவர் கவனிக்காமலே தாண்டிப் போகும் இந்த அங்குலங்களைத்தான் நாற்காலியில் போகிறவர் தெரு முழுவதும் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் மதுரையின் நல்ல குணம் ஒன்று குறுக்கே வரும். நாற்காலி நின்றுவிட்டால் கேட்காமலே நாலு பேர் ஓடி வருவார்கள். “ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே, தூக்கி வச்சிருவோம்” என்பார்கள். மறுக்கவும் முடியாது. ஆனால் அவசரத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார்கள். பல நாற்காலிகளில் கைப்பிடியும் கால்தாங்கியும் கழற்றக்கூடியவை. தூக்கிய வேகத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட, நாற்காலி ஒரு பக்கமாகச் சாயும். எதுவும் நடக்காமல் பத்திரமாக மேலே வைத்துவிட்டாலும் திரும்பி வரும்போது அதே நாலு பேர் அங்கே இருக்க வேண்டும். போக முடிவதும் கூட்டிக்கொண்டு போகப்படுவதும் ஒன்றல்ல என்பதை நாற்காலியில் இருப்பவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிறார். அதன்பிறகு வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறார். அவர் வெளியே வராததால் அந்தப் படி யார் கண்ணிலும் படுவதில்லை.

நகருக்குள் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. சித்திரை வீதிகளில் வாகனங்களுக்குத் தடை. தளம் பாவப்பட்ட அந்த நான்கு வீதிகளிலும் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே சுற்றி வரலாம். வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பேட்டரி கார்கள் ஓடியதுண்டு. கோயிலுக்குள் நுழையும்போதுதான் கல் நிலைப்படிகள் குறுக்கிடும்.

இதைவிட நீண்ட உலாவுக்கு ஏற்றது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645ஆம் ஆண்டையொட்டித் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்றுக்கு 1.2 கிலோமீட்டர் வரும். குளக்கரையென்பதால் நாலு பக்கமும் ஒரே மட்டம். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வரத் தொடங்கியபின் குளத்தில் நீர் நிற்கிறது. காலையும் மாலையும் வாக்கிங் கூட்டத்துக்குக் குறைவில்லை. பன்னிரண்டு படித்துறைகளில் இறங்க முடியாதது குறைதான். ஆனால் தெப்பத் திருவிழா தவிர்த்த நாட்களில் அங்கே வரும் பெரும்பாலோர் படியில் இறங்குவதில்லை. சுற்றி நடந்துவிட்டு மைய மண்டபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். அதை நாற்காலியில் வருபவரும் செய்யலாம். சுற்றுப்பாதையின் மூலைகளில் விளிம்பைச் சரித்துவிட்டு, அந்தச் சரிவின் மேல் வண்டிகளை நிறுத்தவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பூங்காக்களின் கதை வேறு. உள்ளே பாதை நன்றாகவே இருக்கும். தடை வாசலில் இருக்கும். பைக்குகள் நுழைந்துவிடக் கூடாதென்று வாசலில் இரும்புக் குழாய்களை வளைத்து நடுவார்கள், அல்லது சுழல் கதவு வைப்பார்கள். பைக்கைத் தடுக்கும் எதுவும் சக்கர நாற்காலியையும் தடுக்கும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாயையும் தடுக்கும். பக்கத்தில் பெரிய கதவு ஒன்று இருக்கும், அதன் சாவி காவலாளியிடம், காவலாளி டீக்கடையில். அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருகிறவர் அதை எங்கே நிறுத்துவது, அங்கிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது என்பதையெல்லாம் வாசலைக் கட்டியவர் யோசித்ததற்கு அடையாளம் தெரியாது. அதே பூங்காவுக்குள் எட்டு வடிவ நடைபாதை இருக்கும், வெறுங்காலுடன் நடக்கக் கூழாங்கல் பதித்த பாதை இருக்கும். பாதங்களுக்குக் காட்டும் இந்த அக்கறை வேடிக்கையானதுதான்.

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நீளத்தில் நலவாழ்வு நடைபாதைகள் வரையறுக்கப்பட்டன, மதுரைக்கும் ஒன்று. நல்ல யோசனை. புதிதாகச் சாலை போடாமல், இருக்கிற சாலைகளில் ஒரு தடத்தைத் தேர்ந்து தூரம் குறித்து, இருக்கையும் குடிநீரும் ஏற்பாடு செய்வது. இப்படித் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் வந்தது கால் மட்டும். அந்த எட்டில் ஒரு கிலோமீட்டரையாவது தொடக்கம் முதல் முடிவுவரை படியில்லாமல் அமைத்து, அங்கே ஒரு கழிப்பறையையும் நாற்காலி நுழையும் அகலத்தில் கட்டியிருந்தால் அந்தத் தடத்தின் பயன் இன்னும் விரிந்திருக்கும். கழிப்பறை இல்லாத பாதை பெண்களுக்குப் பாதையே இல்லை. நாற்காலியில் வரும் பெண்களுக்கு இது இரு மடங்கு உண்மை.

ஊனமுற்றவர் வெளியே வருவதற்கு நம் சமூகம் சில காரணங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரலாம். பேங்குக்கு வரலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வரலாம். அங்கெல்லாம் சாய்தளம் கட்டப்படுகிறது, ஒப்புக்காவது. சும்மா வருவதற்கு இடமில்லை. காற்று வாங்க, வேடிக்கை பார்க்க, யாரையும் பார்க்காமல் தனியே சுற்றிவிட்டு வர யாரும் மனு எழுத மாட்டார்கள். எழுதினால் வாங்கவும் ஆள் இல்லை. சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் உரிமையாகவே பேசுகின்றன. ஆனால் 2017இல் வந்த விதிகளின்கீழ் அணுகல் அளவுகள் பெரும்பாலும் பரிந்துரையாகவே நின்றன. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதுரி 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அந்த விதிகளில் 15(1)ஆம் விதி சட்டத்துக்கு முரணானது, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 செப்டம்பரில் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்து, கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் ஆற்றோரத்திலும் பணம் கொட்டப்பட்ட ஆண்டுகள் அளவுகள் பரிந்துரையாக இருந்த காலத்துக்குள் அடங்கிவிட்டன. தோண்டிய தெருவைத் திரும்ப மூடும்போது விளிம்பைச் சரித்துவிட ஆகும் கூடுதல் செலவு சொற்பம். மூடிய தெருவை மறுபடி தோண்டுவதுதான் செலவு.

நடைபாதை விளிம்பைச் சரிக்கும் பழக்கம் உலகத்துக்கே புதிதுதான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர்களுக்காக அமெரிக்காவின் கலமசூ நகரில் 1940களில் அது செய்து பார்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் பெர்க்லியில் சக்கர நாற்காலி மாணவர்களின் போராட்டத்தால் பரவலானது. தமிழ்நாட்டில் பலரும் கண்ணால் கண்ட உதாரணம் மெரினா. 2022 நவம்பர் 27 அன்று அங்கே மணலின் குறுக்கே 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை திறக்கப்பட்டது, செலவு 1.14 கோடி ரூபாய். அதுவரை உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஆம் தேதியை ஒட்டி மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டுவந்தது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்து கடலைச் சாலையிலிருந்து மட்டும் பார்த்திருந்தவர்கள் முதல்முறையாக அலைக்கு அருகே போனார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் பாதையின் கடல் பக்கத்தைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்து திறந்தார்கள்.

மதுரைக்குக் கடல் இல்லை, கண்மாய் இருக்கிறது. வண்டியூர், மாடக்குளம், தென்கால், நிலையூர், விளாச்சேரி, செல்லூர், அவனியாபுரம் என்று நகரைச் சுற்றியும் நகரத்துக்குள்ளும் கண்மாய்கள். சில கட்டடங்களாகிவிட்டன, உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் இடமே உலகனேரிக் கண்மாய்தான். மிஞ்சியிருப்பவற்றின் கரைகளைச் சக்கரத்தின் கண்கொண்டு பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கண்மாய்க் கரையின் மேற்பரப்பு மட்டமாக இருந்தே ஆக வேண்டும். நிறைந்த நீர்மட்டத்துக்கு மேல் கரை எங்கும் ஒரே உயரம் இருந்தால்தான் கண்மாய் நிற்கும். ஓரிடத்தில் தாழ்ந்தால் அங்கேதான் உடையும். ஆகவே மைல் கணக்கில் நீண்டாலும் கம்மாக்கரையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலோ தென்னந்தோப்போ, நடுவே காற்று. முக்குளிப்பானையும் நத்தை குத்தி நாரையையும் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சிங்கப்பூரின் தெற்கு முகட்டுப் பூங்காக்களில் சக்கர நாற்காலி போகும் சரிவு கிடைப்பதற்காக மரங்களுக்கு இடையே இரும்புத் தூண்களை நட்டு வளைத்து வளைத்துப் பாதை கட்டினார்கள். இங்கே அந்த வேலையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மண்வெட்டியால் செய்து முடித்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கரைமேல் ஏறுவது. கரை மூன்று மீட்டர் உயரம் என்று கொண்டால், விதிகள் அனுமதிக்கும் 1:12 சரிவில் 36 மீட்டர் சாய்தளம் வேண்டும். 75 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டால் மொத்தம் 40.5 மீட்டர் வரும். கையால் தள்ளுபவருக்கு 1:12 கடினம்தான். 1:20 என்றால் 60 மீட்டர், ஆனால் துணையில்லாமல் ஏறலாம். நகரத்துக் கட்டடங்களில் இவ்வளவு நீளத்துக்கு இடம் கிடைக்காது. கண்மாயில் கரையின் பக்கவாட்டிலேயே சாய்வாக மண் அணைத்துக்கொண்டு போகலாம். மாட்டு வண்டியைக் கரைமேல் ஏற்றுவதற்கு ஊர்க்காரர்கள் போட்ட தடங்களும் அப்படிப்பட்டவைதான், இதைவிடச் சற்றுச் செங்குத்தாக.

இரண்டாவது தளம். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் சரளை நன்றாக இறுகும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மழையில் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு வரும், கோடையில் வெடித்துப் பிளக்கும். பேவர் பிளாக் பதித்தால் வேலை முடிந்தது என்பது ஒப்பந்தக்காரர்களின் நம்பிக்கை. கரை மண் அமிழும்போது கற்கள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கிவிடும். ஒவ்வொரு இடுக்கிலும் நாற்காலி அதிரும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த அதிர்வே தசை இழுப்பைக் கிளப்பும். சரளையோடு கிரஷர் தூசி கலந்து நனைத்து ரோலர் ஓட்டிய தளம் மலிவு, மழை நீரையும் ஓரளவு உறிஞ்சும், பழுதானால் ஊர் ஆளே சரிசெய்யலாம். வழவழப்பான கிரானைட் பார்வைக்கு அழகு, ஈரத்தில் ஆபத்து.

மூன்றாவது ஓரம். தண்ணீர்ப் பக்கம் சக்கரம் வழுகாமல் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை வேண்டும், அதற்கு மேல் கம்பி போதும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து நாலடி உயரத்தில்தான் இருக்கிறது. பாதுகாப்பு என்று நாலடிச் சுவர் எழுப்பினால் அவருக்குக் கண்மாயும் இல்லை, ஆறும் இல்லை. உபரி நீர் வெளியேறும் கலுங்கு வரும் இடத்தில் கரை அறுந்துவிடும். மறுகால் பாயும்போது கடக்க முடியாது. அதனால் கம்மாக்கரைப் பாதை பெரும்பாலும் போய்த் திரும்பும் பாதையாகவே இருக்கும். திரும்ப இடம் விட்டால் சரி. கரையில் ஐயனாரோ கருப்பசாமியோ இருந்தால் அதுவே நிழலுள்ள நல்ல நிறுத்தம்.

மலைகளின் கணக்கு வேறு. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை இயக்கம் ஆயிரக்கணக்கானோரை மதுரையின் குன்றுகளுக்கு அழைத்துப் போயிருக்கிறது. சமணர் படுகைகளும் தமிழி எழுத்துகளும் இன்று குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் இடங்களாகியிருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சமணத் துறவிகள் எளிதில் எட்டாத இடமாகப் பார்த்துத்தான் போய்ப் படுத்தார்கள். கீழக்குயில்குடியில் சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளத்துக்குப் பாறையில் ஏறித்தான் போக வேண்டும். அதைக் குடைந்து சாய்தளம் போடு என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அடிவாரத்தில் தாமரைக் குளம் இருக்கிறது, ஆலமரங்கள் இருக்கின்றன, ஐயனார் கோயில் இருக்கிறது. மலை ஏறுகிறவர்களும் அதிக நேரம் உட்கார்ந்திருப்பது அங்கேதான். மேலே இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களின் வார்ப்பு ஒன்றைக் கைக்கெட்டும் உயரத்தில் நிறுத்தினால் பார்வையற்றவர்களும் தொட்டுப் பார்க்கலாம். யானைமலையை மலைமேல் நின்று யாரும் யானையாகப் பார்க்க முடியாது. ஒத்தக்கடைப் பக்கத்துத் தரையிலிருந்து பார்ப்பவருக்குத்தான் அது யானை.

மதுரை வெயில் தனி அத்தியாயம். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது நாற்காலியின் இரும்பு வளையத்தில் கை வைக்க முடியாது. தண்டுவடம் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடல் சூட்டைத் தணிக்க வழியில்லாமல் மற்றவர்களைவிட விரைவில் மயங்கிவிடுவார்கள். அவர்களுக்கு நிழல் அழகுக்கானதல்ல. நூறு மீட்டருக்கு ஒரு புங்கனோ வேம்போ, அதன் கீழ் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்கக் காலியிடம், ஒரு குழாய். பெஞ்சை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் செடி வைத்துவிட்டால் கூட வந்தவர் பெஞ்சிலும் இவர் வழியிலுமாக இருக்க வேண்டியதாகிவிடும். ஐஐடி மெட்ராஸில் உருவான நியோபோல்ட் போன்ற மோட்டார் இணைப்புகள் வந்தபின் சிலரால் தூரத்தை எளிதாகக் கடக்க முடிகிறது. மோட்டாருக்கும் படி ஏறத் தெரியாது.

எந்தப் பாதை யாருக்கு ஏற்றது என்பதை முன்கூட்டிச் சொல்வதும் பாதை அமைப்பதில் சேர்ந்ததே. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வேலிப்படிகள் இல்லாத நடைவழிகளைத் தொகுத்து, எல்லோருக்கும் ஏற்றது, பலருக்கு ஏற்றது, சிலருக்கு ஏற்றது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் பாசாங்கு இல்லாததால் நம்பிப் புறப்படலாம். நம்மூரில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் சாய்தளத்தின் முடிவில் ஒரு படி இருக்கும். தெப்பக்குளச் சுற்று எல்லோருக்கும், சித்திரை வீதிகள் கூட்டமில்லாத காலையில் பலருக்கும், கீழக்குயில்குடி அடிவாரம் துணையோடு வரும் சிலருக்கும் என்று தளம், சரிவு, அகலம், நிழல், கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றை அளந்து ஒரு பட்டியல் போடலாம். அளக்க வேண்டியவர்கள் நாற்காலியில் போகிறவர்கள். ஒரு மாலையில் அவர்கள் கண்டுபிடிக்கும் குறைகளைப் பொறியாளர் வரைபடத்தில் ஓராண்டு தேடினாலும் காண மாட்டார்.

மிஞ்சுவது பராமரிப்பு. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. நகர எல்லைக்குள் மாநகராட்சி பூங்காவும் நடைபாதையும் போடுகிறது. கரை ஒருவருடையது, கரைமேல் பாதை இன்னொருவருடையது என்றால், முதல் மழையில் கரைந்த சாய்தளத்தை நிரப்ப இருவரும் வரமாட்டார்கள். முன்பு ஐப்பசி மழைக்கு முன் ஊரே சேர்ந்து கரையின் எலி வளைகளை அடைத்து, முள்ளும் புதரும் வெட்டி, தாழ்ந்த இடத்தில் மண் போட்டது குடிமராமத்து. அந்தப் பெயரில் அரசும் 2017இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுதோறும் கரையைச் சீரமைக்கப் போடும் மதிப்பீட்டிலேயே பாதைக்கு ரோலர் ஓட்டுவதையும், சாய்தளத்தின் அடியில் அரித்த மண்ணை நிரப்புவதையும், முள்ளை ஒதுக்குவதையும் சேர்த்துவிட்டால் தனி நிதி தேவைப்படாது. பாதையில் கிடக்கும் ஒரு கருவேல முள், நாற்காலியின் டியூபைப் பஞ்சராக்கிவிடும். கம்மாக்கரையில் பஞ்சர் கடை இல்லை.